தேக்குக் கட்டில் யாருக்கு

நாகல் நகர்,
2.3.1998

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. படுத்துக்கிட்டே எழுதுறேன், எழுத்து கோணலாத்தான் இருக்கும்.

உன் மக அனிஷா கல்யாணச் சீருக்கு நம்ம தேக்குக் கட்டிலைக் கேட்டிருக்க. அது யாருக்குச் சொந்தம்னும் கேட்டிருக்க. சொல்றேன்.

கொடைக்கானல் பங்களா ஏலத்துல அதை எடுத்தது பெரியப்பா. அவர் படுக்கையில விழுந்தப்ப ஒன்றரை வருசம் பார்த்தது வியாகுலம் அத்தை. அவர் போனதும் கட்டில் அத்தைக்கு வந்துச்சு. அத்தையைப் பார்த்துக்கிட்டது நம்ம அம்மா, அம்மாவுக்கு வந்துச்சு. அம்மாவை நாலு வருசம் புரட்டிப் படுக்க வச்சு, துடைச்சு, கஞ்சி ஊத்தினவ நான். நீ அடக்கத்துக்கு வந்துட்டு அன்னைக்கே கோயம்புத்தூர் பஸ் ஏறிட்ட.

குத்திக்காட்ட எழுதலை. சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டு வாங்கினதில்லை. வாய்விட்டுக் கேட்டவ நீ ஒருத்திதான். எடுத்துக்க.

ஆனா வேன் அனுப்பாத. மாத்துத் துணி எடுத்துக்கிட்டு நீயே வா, வந்து இரு. கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம்தானே? டாக்டர் சொல்றதைப் பார்த்தா அதுக்குள்ள கட்டில் காலியாயிரும்.

உன் அக்கா