பகலில் இழுத்த திரை

மார்ச் 2
இன்று மூன்று பேர். அதில் ஒருத்தி மூக்கை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து உள்ளே பார்த்தாள். பழைய மீனவர் குடியிருப்பு, தவறாமல் பாருங்கள் என்று அபர்தீன் சுற்றுலாக் கையேட்டில் எங்கள் ஃபிட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்றும் ஒரு வரி போட்டிருக்கலாம். ஆர்ச்சியால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து பத்து நாள் ஆகிறது. அவள் வேடிக்கை பார்த்தது என் புருஷனை.

அவன் அவளுக்குக் கையசைத்தான். "மியூசியத்துல பொம்மை அசையுதுன்னு மிரண்டுட்டா பாரு" என்று சிரித்தான், இருமினான், தூங்கிப்போனான்.

மார்ச் 5
டாக்டர் வந்தார். போன மாதமே ஆர்ச்சி அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டான்: "நாள் கணக்கெல்லாம் எனக்கு வேணாம். அவகிட்ட சொல்லிக்கோங்க." இன்று சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னார். ஈஸ்டர் வரை. அதுவும் ஒருவேளை.

"என்னவாம்?" என்றான் ஆர்ச்சி.

"மாத்திரைய மாத்தறாராம்."

கோடையில் துறைமுக வாயிலில் இருக்கிற டோரி கோட்டைக்குக் கூட்டிப்போ, டால்ஃபின் பார்க்கணும் என்றான். நாற்பது வருஷம் அதே துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவன்! பார்க்காத டால்ஃபினா?

"வேலை பாத்துக்கிட்டே பாக்கறது வேற. ஐஸ்கிரீம் சாப்டுக்கிட்டு, வெளியூர்க்காரன் மாதிரி பாக்கணும்."

போகலாம் என்றேன். வாய் கூசவில்லை எனக்கு.

மார்ச் 6
பக்கத்து வீட்டு நெட்டாவிடம் மட்டும் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

மார்ச் 11
ஏன் அந்தத் திரையை இழுத்தேன்?

சனிக்கிழமைக் கூட்டம். ஆர்ச்சிக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன், ஒருவன் கண்ணாடியில் போனை வைத்துப் படம் எடுத்தான். எரிச்சலில் திரையை இழுத்து மூடிவிட்டு, ஆர்ச்சி கண்ணசந்ததும் மருந்துக் கடைக்குப் போய்விட்டேன். பட்டப்பகலில்! பிறந்ததிலிருந்து இந்தச் சதுக்கத்தில் இருக்கிறேன். பகலில் முன்ஜன்னல் திரை விழுந்தால் அந்த வீட்டில் சாவு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவரவர் வீட்டுத் திரையையும் இழுத்துவிட்டு சூப்போடு வந்து நிற்பார்கள். இது எனக்குத் தெரியாதா?

திரும்பி வந்தால் சதுக்கம் முழுக்கத் திரை. நான் கடைக்குப் போன நேரத்தில் அவன்— ஓடினேன்.

முன்னறையில் நெட்டா சூப் பாத்திரத்தோடு வெளிறிப்போய் நின்றாள். ஆர்ச்சி முழித்திருந்தான். இருட்டில் அவன் கிடந்த கிடையைப் பார்த்து நம்பியே விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஈஸ்டர் வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொன்னாரே, அதுக்குள்ள போயிட்டியே ஆர்ச்சி" என்று அழுதிருக்கிறாள். அவன் கண்ணைத் திறந்து, "என்ன சூப்பு?" என்று கேட்டானாம்.

வேறு வீட்டில் நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஈஸ்டர் எப்ப வருது?" ஏப்ரல் ஒன்பது என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இனிமேல் என் வாசப்படி ஏறாதே என்று நெட்டாவை விரட்டிவிட்டேன். தப்பு பண்ணியது நான். திட்டு வாங்கியது அவள்.

மார்ச் 13
ஆர்ச்சி இன்னும் என்னோடு பேசவில்லை. சூப்பைக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 14
காலையில் அவனே வாயைத் திறந்தான். "அப்ப கோடை வரைக்கும் காத்திருக்க வேணாம்ல? சனிக்கிழமை வண்டிய எடு, வில்மா."

மார்ச் 18
முதலில் டூத்தி பூங்காவில், செடிகளுக்காகச் சூடேற்றிய கண்ணாடி வீடு. சக்கர நாற்காலியில் கள்ளிச்செடிகளுக்கு நடுவே கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். "உடம்பு சூடாகி எத்தனை நாளாச்சு" என்றான்.

பிறகு டோரி. கடல்காற்று ஆளையே தள்ளியது. பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர், கப்பல் எப்படித் துறைமுகத்துக்குள் வரும் என்று ஆர்ச்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவனும், "அப்படியா சார்? இழுவைப் படகுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டான். பாவி.

ஒன்றரை மணி நேரம் கழித்து டால்ஃபின்கள் வந்தன. ஆறோ ஏழோ. ஒரு சரக்குக் கப்பலுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு வந்தன. ஐஸ்கிரீம் அவன் கையில் வழிந்தது. துடைக்கப் போனேன், விடவில்லை.

திரும்பும்போது வண்டியில் சொன்னான், கோபமே இல்லாமல். "கோடை கோடைன்னு சொல்லியே என்னை அனுப்பிச்சிருப்ப, இல்ல?"

ஆமாம் என்றேன். ஆமாம், ஆர்ச்சி. அதைத்தான் செய்திருப்பேன்.

மார்ச் 30
ஆர்ச்சி எழுந்திருக்கவில்லை. தண்ணீர் மட்டும், ஸ்பூனில். நெட்டா வாசலில் ரொட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லப் போகவில்லை.

ஏப்ரல் 4
காலை ஏழு மணிக்கு ஆர்ச்சி போய்விட்டான்.

வழக்கம்போல எட்டரைக்கு நர்ஸ் வந்தாள், பார்த்தாள், எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனாள். நான் திரையை இழுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மணி. பதினொன்று. ஒருவரும் வரவில்லை. திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தேன். ஒரு வீட்டு ஜன்னலிலும் திரை விழவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஏணி போட்டுக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். வில்மாவுக்கு இன்றைக்கும் சுற்றுலாக்காரர்கள் மேல் கோபம் என்று நினைத்திருப்பார்கள். வேறென்ன நினைப்பார்கள்?

இங்கே இதை யாரும் வாயால் சொல்வதில்லை. அம்மா செத்தபோது நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் போய் நெட்டாவின் கதவைத் தட்டினேன். கையெல்லாம் மாவோடு வந்தாள். "நெட்டா" என்றேன், அதற்கு மேல் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.

"இந்தத் தடவ நெசமாவே போயிட்டான், நெட்டா."

அவள் உள்ளே போனாள். முதலில் அவள் வீட்டு ஜன்னலில் திரை விழுந்தது. அப்புறம் வெளியே வந்து, மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.