தண்ணி விழுதா?

ஜூன் 12, வெள்ளி

வெயில். மாதம் பாதி ஆகப்போகிறது, சாரல் எட்டிப் பார்க்கவில்லை. காற்று மட்டும் பேய்க் காற்று. கொடியில் போட்ட பெட்ஷீட் இரண்டு பக்கத்துக் காம்பவுண்டில். பெரிய அருவியில் பாறைதான் வெயில் குளிக்கிறது. மூன்று ரூமும் காலி.

செய்ய: தலையணை உறை. மேல் ரூம் குழாய் ஒழுகல். காஸ் சொல்ல.

செ. கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போனில்: "விழுதுங்கேன்! நேத்துலருந்து நல்லா விழுது. தைரியமா எறங்கலாம்."

குற்றாலத்தில் ரூம் விடுகிறவர்களுக்கு எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும் முதல் கேள்வி 'தண்ணி விழுதா?' வாடகை எல்லாம் அதற்குப் பிறகு. விழாத தண்ணீரை விழுகிறது என்று சொல்லி ஆள் பிடிக்கிறார் போல. வருகிறவன் பாறையைப் பார்த்துவிட்டு இவரையா திட்டுவான்? காபி கொண்டுபோகிற என்னைத்தான்.

(வீட்டுக்காரர் பேருக்கு செ. போதும். வீட்டில் 'இங்கேருங்க'. இந்த நோட்டிலும் செல்வகுமார் என்று முழுசாக எழுதுவதில்லை. மரியாதை எல்லாம் இல்லை. மை வீண்.)

ஜூன் 13, சனி

அதே வெயில். கேட்டேன்: "நேத்துப் பேசுனது எந்த ஊர்ப் பார்ட்டி? எப்ப வாராவ?"

"அச்சன்புதூர்."

அச்சன்புதூர்! காலையில் பஸ் ஏறி வந்து, குளித்துத் துவட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுகிற தூரம். அவன் ரூம் போட்டுத் தங்குவானாம். கோயம்புத்தூர் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லை.

பொம்பளை விவகாரமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு எனக்கே சிரிப்பு. குழாய்க்கு வாஷர் வாங்கவே நாலு நாளாகச் சோம்பல்படுகிற ஆள்.

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 15, திங்கள்

தெரிந்துவிட்டது.

இவர் குளிக்கப் போயிருந்தார். அடுப்பங்கரை ஜன்னலில் போன் அடித்தது. 'சுரேஷ் அச்சன்புதூர்'. எடுத்தேன்.

"அண்ணாச்சி, விழுதா?"

"எங்கப்பா விழுது? பாறதான் தெரியுது."

"ஐயோ, மதினியா! தண்ணியத்தான் கேட்டேன் மதினி. சத்தியமா தண்ணியத்தான்." வைத்துவிட்டான்.

தண்ணீரைக் கேட்கிறவன் எதற்குச் சத்தியம் செய்கிறான்? அவன் வைத்த கையோடு மெசேஜ் மேல் மெசேஜ். குரூப் பெயர் 'சாரல் நண்பர்கள்'. படத்தில் ஐந்தருவி. உள்ளே போனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, எல்லாம் ரம்மி. ஜோக்கர் விழுது, எனக்கு விழமாட்டேங்குது, அந்த டேபிளில் நல்லா விழுது. விழுந்ததெல்லாம் சீட்டு! நான் இங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

புதுசும் இல்லை. முன்பு ஆப் வைத்து ஆடினார், தெரியும். சர்க்கார் தடை போட்டு அந்த ஆப் நின்றபோது, "நான் விட்டுட்டேம்ட்டி" என்று வந்து நின்றார். அவர்கள் பிடுங்கியதை இவர் விட்டாராம். நானும் கேசரி கிண்டினேன், முந்திரி போட்டு. என்னைச் சொல்லணும். பெரிய அருவியில் தடை என்றால் கூட்டம் வீட்டுக்கா போகிறது? புலியருவிக்குப் போகும். இவர் எங்கிருந்தோ வந்த ஒரு லிங்க்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

ஈரத் துண்டோடு வந்தார். போன் என் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"பொறுப்பாத்தான் வெளாடுதேன். லிமிட் வச்சிருக்கேன்."

"யாரு வச்ச லிமிட்டு?"

"நாந்தான்."

"தாண்டிட்டா?"

"கூட்டிக்கிடலாம்."

பாலுக்குப் பூனை காவல். அந்த ரம்மி விளம்பரத்திலும் கடைசியில் ஒருவன் மூச்சு விடாமல் ஓட்டுவானே, 'பொறுப்புடன் விளையாடவும்' என்று. பொறுப்புடன் கூரையில் தீ வைக்கவும் என்பதுபோல.

சீசனுக்கு ரூம் சொன்னவர்களிடம் வாங்கி வைத்திருந்த அட்வான்ஸ் எல்லாம் போயாச்சு. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு அச்சன்புதூர் வரும்.

ஜூன் 16, செவ்வாய்

மூடாப்பு. மழை இல்லை.

வீரகேரளம்புதூரிலிருந்து நாத்தனார் போன். தம்பி அவளிடம் போனில் அழுதாராம்.

"ஏட்டி, குடிக்கானா? இல்லல்லா. ஆம்பள சீட்டு வெளாடுனா குடியா முழுகிரும்? ஒரு மந்திரிச்ச கயிறு கட்டுனா சரியாப்போவும்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன் மதினி."

"பைத்தியக்கார டாக்டர்ட்டயா? நாளைக்கு எங்க வீட்டுல பொண்ணு எடுக்க எவன் வருவான்?"

ஆக, தம்பி நாசமாய்ப் போகலாம், டாக்டரிடம் போகக் கூடாது. நல்ல குடும்பம். நல்லவேளை, மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள், இந்தக் கூத்தைப் பார்க்க வேண்டாம்.

சாயங்காலம், மனநல உதவிக்கு என்று சர்க்கார் வைத்திருக்கிற இலவச நம்பருக்கு நானே கூப்பிட்டேன். பாட்டுப் போட்டுக் காக்கவைப்பார்கள், பிறகு பொறுமையாக இருங்கள் என்பார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயசுக் குரல். இது கெட்ட பழக்கம் மட்டும் இல்லை, வியாதியாகவும் ஆகும், வைத்தியம் உண்டு என்றாள். பணம் புழங்குகிற போனை நான் வைத்துக்கொள்ளணும். கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிக் கொடுக்கக் கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கும், ஆனால் கையைப் பிடித்து இழுத்துப் போனால் பிரயோஜனம் இல்லை, அவர் வாயால் சொல்லணும்.

"அப்புறம், குத்திப் பேசாதீங்கம்மா."

மற்றதெல்லாம் சரி. அது மட்டும் கஷ்டம்.

போனைக் கேட்டேன். முறைத்துக்கொண்டே கொடுத்தார். பேச மட்டும் பழைய பட்டன் போன். "நீ என்ன ஜெயிலரா?" என்றார். ஜெயிலில் சோறு ஆக்கி ஒருத்தி பரிமாற மாட்டாள் என்றேன். குத்தல்தான்.

ஜூன் 18, வியாழன்

சாரல்! விடிவதற்குள் ஆரம்பித்துவிட்டது. மலை தெரியவில்லை. பெரிய அருவியில் நிஜமாகவே தண்ணீர் விழுகிறது, சத்தம் இங்கேயே கேட்கிறது. போனுக்கு ஓயவில்லை. மதுரையிலிருந்து ஒரு குடும்பம் கீழ் ரூமுக்கு வந்துவிட்டது. அவர்களுக்குத் தோசை.

செ. இரண்டு நாளாகச் சாப்பாட்டைப் பிசைவதோடு சரி. கட்டைவிரல் மட்டும் வெறும் மேஜையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். சட்னி கேட்கிறாரோ என்று திரும்பினேன்.

"ஏட்டி, தண்ணி நல்லா விழுதுல்லா? போன மாசமே நெனச்சேன். இப்படி விழும்போது மேல போயி நானும் கூட விழுந்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்னு."

சாதாரணமாகச் சொன்னார். காஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

"அதுக்கும் போலீஸ்காரன் விசில் அடிப்பான். போங்க, எலய எடுத்துப் போடுங்க" என்றேன். வாய் அது பாட்டுக்குச் சொன்னது. தோசை கருகியது. அடுத்ததும் கருகியது.

பயமாக இருக்கிறது. இந்த ஆளை எத்தனை வருஷமாக மனசுக்குள் வைதுகொண்டிருக்கிறேன். வைவதற்கு ஆள் வேண்டாமா?

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்பவும் அந்த நெனப்பு இருக்கா?" கேட்டே கேட்டுவிட்டேன். "வருது. போவுது." நாளைக்கு ஆஸ்பத்திரி என்றேன். தென்காசியில் தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானே என்றார். பார்க்கட்டும். சீட்டுப் போடுகிற கவுண்டரில் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், மற்றதை உள்ளே போய் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். அந்தப் பொய்யை நானே சொல்லிக் கொடுத்தேன், இவரை நம்பினால் அதையும் சொதப்புவார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இவர்மேல் இருந்து நான் கண்ணை எடுப்பதாக இல்லை. மதுரைக்காரர்களுக்கு உப்புமா.

ஜூன் 19, வெள்ளி

தென்காசி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தூறல். பஸ்ஸில் ஆலங்குளம்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, குத்தாலத்துல தண்ணி விழுதா?" இவர் முகம் செத்துப்போனது. "விழுது" என்று நான் சொன்னேன்.

கவுண்டரில் வரிசை. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, தலையை நிமிர்த்தவே இல்லை. பேர் கேட்டாள், வயசு கேட்டாள், சொன்னார்.

"என்ன செய்யுது?"

தூக்கம், தூக்கம் என்று நான் பின்னால் முணுமுணுத்தேன்.

"சீட்டு" என்றார்.

"சீட்டுத்தான போட்டுக்கிட்டு இருக்கேன். ஒடம்புக்கு என்ன செய்யுதுன்னு கேக்கேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உயிர் போனது. இதையும் சொதப்பிவிட்டாரே!

"அதாங்க்கா செய்யுது. சீட்டு. போன்ல. என்னால விட முடியல."

சிரிப்பு நின்றது. அந்த அம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். எழுதினாள். நீட்டினாள்.

"கடைசி ரூம். சீட்டத் தொலச்சிராதீய அண்ணாச்சி. அடுத்த தடவ வரும்போதும் இதத்தான் கொண்டுட்டு வரணும்."

சட்டைப் பையில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கிறதா இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார், பாவி மனுசன். கொடுங்க, நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாம். என்கிட்டயே இருக்கட்டும்."

செல்வகுமாராம். கூப்பிடுகிறார்கள்.