நாலாம் நம்பர் தவளை

ஐப்பசி 9, திங்கள்

வெயில். ஐப்பசியில் இப்படி ஒரு வெயில். தொட்டி கழுவல், தண்ணீர் மாற்றல். சிவகிரி மலை ஓடையிலிருந்து அனுமதி வாங்கிக் கொண்டுவந்த ஆறு தவளைகளுக்கும் தோலில் பூஞ்சை. 1, 2, 3 மாடி அறையில், சங்கரன்கோவில் சூட்டில். 4, 5, 6 கீழே ஏ.சி. அறையில், மலைக்குளிரில். இந்தப் பூஞ்சைக்குச் சூடு ஆகாது. ஊர்ச்சூடே மருந்தாகுமா? பத்து நாள் பார்க்க வேண்டும். இன்று நாலாம் நாள்.

மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை வித்துகள். வால் வைத்து நீந்துகின்றன. அரை மணி நேரம் பார்த்திருப்பேன். பின்தெருத் தறிச் சத்தத்துக்கு ஆடுவதுபோல. கொல்ல வந்தவை என்ற நினைப்பே இல்லை.

வாங்க: ஸ்பிரிட், கையுறை, ஹேர்பின்.

ஐப்பசி 10, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. மாடியில் மூன்றும் துள்ளல். கீழே 4 சாப்பிடவில்லை. தோல் உரிகிறது. தொட்டால் மெதுவாகக் கண் மூடுகிறது. கண்ணைச் சுற்றிப் பொன் வளையம்.

லேப் உதவியாளர் சண்முகத்தாய் அக்கா தொட்டியை விட்டு நகரவில்லை.

“ஏட்டி, இத மாடிக்குக் கொண்டு போனா என்ன?”

“குளிர்ல இருக்கது என்ன ஆகுதுன்னு பாத்தாத்தானக்கா சூடு கொணப்படுத்துதான்னு தெரியும்.”

“அது செத்தாத்தான் உனக்குத் தெரியுமாக்கும்.”

நோட்டில் நேரம் குறித்தேன்.

ஐப்பசி 12, வியாழன்

மத்தியானம் மேசையிலேயே தூக்கம். கனவில் தெப்பக்குளம் நிறையத் தவளைகள். எல்லாம் வாய் திறக்கின்றன, சத்தம் மட்டும் இல்லை. விழித்துப் போய்ப் பார்த்தால் 4 துள்ளுகிறது! தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். குளிரிலேயே தேறிவிட்டதா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கால் தரையில் படவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

பூஞ்சைச் சோதனைக்குப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்க 4-ஐத் திருப்பினேன். 4-க்கு வயிற்றில் மிளகு மாதிரி மூன்று புள்ளி. முதல் நாளே வரைந்து வைத்தது. இதற்குப் புள்ளியே இல்லை. ஆறில் புள்ளி இல்லாதது 2 மட்டும்தான்.

மாடிக்கு ஓடினேன். 2-இன் தொட்டியில் மூன்று புள்ளிக்காரன்.

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நாந்தான் முந்தாநேத்து மாத்தி வச்சேன். ரெண்டாம் நம்பரு நல்லாத்தான இருந்துச்சு, ஒரு நாலு நாளு குளிரு தாங்கிரும்னு நெனச்சேன். சார்ட்ட சொல்லிராதட்டி. வேலை போயிரும்.”

2-இன் தொடையில் தோல் உரியத் தொடங்கிவிட்டது. கோபமா, என்னவென்றே தெரியவில்லை. நான் செய்ய நினைத்ததைத்தான் அவர் செய்திருக்கிறார்.

ஐப்பசி 14, சனி

சாரிடம் போனேன். என் ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான்.

“சார், ரெண்டும் நாலும் புதன்கிழமை இடம் மாறிப்போச்சு. என் பொறுப்புல நடந்தது. நோட்ல எழுதிட்டேன்.”

“யாரு மாத்துனா?”

“அத எழுதல சார்.”

கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். “மிச்சம் இருக்க நாலு தவளைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. மொதல்லருந்து போடு.”

மறுபடி அனுமதிக்கு எழுத வேண்டும். ஆறு மாதமாவது தள்ளும். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

“அப்ப கீழ உள்ளது எல்லாம்?”

“இனி எதுக்குக் குளிருல கெடக்கணும்? மேல கொண்டு போ.”

அக்காவும் நானும் ஒவ்வொரு தொட்டியாக மாடிக்கு. தண்ணீர் அலம்பிச் சேலையெல்லாம் நனைந்தது. ஏ.சி.யை நிறுத்தியதும் அறை முழுக்க ஒரு அமைதி, குளத்துக்கு அடியில் நிற்பதுபோல.

ஐப்பசி 16, திங்கள்

விடியும்போதே மழை. தறிச் சத்தம் இல்லை, கரண்ட் இல்லை. 4 ஒரு வெட்டுக்கிளியைத் தின்றது. 5, 6 கண் திறந்திருக்கின்றன. 2 இறந்துவிட்டது.

அக்காவிடம் காட்டினேன். “நாந்தான கொன்னேன்” என்றார்.

இல்லைக்கா என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலில் மழை ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கை என் கைக்குள் ஜில்லென்று.

அப்போது 4 கத்தியது. ஒரே ஒரு தடவை. இருவரும் தலை நிமிர்ந்தோம்.