ஆற்றிக் கொடுத்த பால்

கோபக்காரருக்கு,

எத்தனை மாத்திரை போட்டும் ஏறாத என் ரத்தத்துப் பிளேட்லெட், நீங்கள் கிளம்பிப் போனதிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

டாக்டரம்மாவுக்கும் ஆச்சரியம். "மாத்திரை அதேதான், அளவும் அதேதான். வீட்டுல என்னதாம்மா மாறுச்சு?" என்று துருவித் துருவிக் கேட்டார். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

"ராத்திரியில இப்பல்லாம் பால் காய்ச்சுறதில்ல டாக்டர், அவ்வளவுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மாத்திரையைப் பாலோடயா போட்டீங்க?"

"வெறும் வயித்துல போடச் சொன்னீங்க. அதான் வேற எதுவும் சாப்பிடாம, பால் மட்டும்."

பாலில் உள்ள கால்சியம் இந்த மருந்தை உடம்பில் சேரவிடாதாம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் பால் பக்கமே போகக்கூடாதாம். "மாத்திரையை முழுங்காம எங்கடி வீசுற?" என்று கத்தினீர்களே! நான் எங்கேயும் வீசவில்லை. நீங்கள் ஆசையாக ஆற்றிக் கொடுத்த பால்தான் அதை மடக்கிப் போட்டிருக்கிறது.

இனி இரவில் மாத்திரைக்குத் தண்ணீர்தான். காலையில் பால் குடிக்கலாமா என்று கேட்டேன், தாராளமாகக் குடிக்கலாமாம்.

நான் ஆற்றினால்தான் ஆடை படிந்துவிடுகிறது.

உங்கள்
சண்டைக்காரி