செருப்புக்குள் உங்கள் முகம்

அண்ணே,

நேற்றைய மழையில் நனைந்த என் காலணியைச் சமையலறை ஜன்னலில் காய வைத்திருக்கிறேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. உள்ளே வெறும் அட்டை. ஈர அட்டையும் பசையும் சேர்ந்த புளித்த வாடை வீடு முழுக்க நிற்கிறது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தூக்கிப் போடுங்க மாமா" என்கிறாள். நான் போடவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்த வாடையை எடுத்துக்கொண்டு உங்களைத் தவிர வேறு யாரிடம் போவேன்?

காலணியோடு கொடுத்த ரசீதின் அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருக்கிறார்கள். உங்கள் காலத்தில் அது தகரப் பலகையில் தலைக்கு மேலே தொங்கியது. கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் முதல் முறை எம்.பி.யாக ஜெயித்து டெல்லிக்குப் போய்வந்துகொண்டிருந்த சமயம் அது. எதிர்க்கட்சி வரிசையில் கடைசி பெஞ்சு. "நான் எழுந்து நின்னாலும் உக்காந்திருக்கற மாதிரிதான்டா தெரியும், அவ்ளோ தூரம்" என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். நான் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் விற்றுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. தலைப்புகளைக் கூவிக் கூவியே எழுத்தைப் பிடித்தவன். உங்கள் தேர்தலில் நோட்டீஸ் கொடுத்தவனும் நான்தான். கடைத்தெருச் செருப்புக்கடை முதலாளி ஒரு ஜீப் கொடுத்திருந்தார். அதன் பின்னால் தொங்கிக்கொண்டு பள்ளிகொண்டா வரைக்கும் உங்கள் முகத்தை வீசிக்கொண்டே போனேன். மீந்த கட்டுகளை ஜீப்போடு அவருடைய கிடங்கில் இறக்கிவிட்டு அதை மறந்தும் போனேன்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் துளி விழுந்ததும் அத்தனை பேரும் குனிந்து செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், செருப்பு நனையக் கூடாது. தோலின் அருமை தெரிந்த ஊர் என்று இதில் ஒரு பெருமையும் உண்டு. மழை பிடித்த அன்று என் அக்குளில் பேப்பர் கட்டு, இன்னொரு கையில் குடை. செருப்பு காலிலேயே கிடந்தது. அந்த முதலாளியின் கடையில் ஒரு வாரம் முன்பு வாங்கிய புதுச் செருப்பு. ஸ்டேஷன் ரோடு தாண்டுவதற்குள் அது அப்பளம் மாதிரி ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்தது. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய காகிதம்.

உங்கள் வீட்டுக்கு நேராக வந்து அதை மேஜை மேல் போட்டேன். நீங்கள் விரல் நுனியால் ஒரு ஏட்டை உரித்தீர்கள். ஒரு கண் வந்தது. இன்னொன்றை உரித்தீர்கள், பாதி மீசை வந்தது. அண்ணி காபியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு இது, நீங்களா? மீசை நல்லாத்தான் இருந்துச்சு, கரைஞ்சு போச்சே."

"ஒரு வாரமா உங்க மூஞ்சி மேலதான் நடந்துட்டிருந்தேன், அண்ணே" என்றேன்.

"கல்லு கில்லு குத்துச்சாடா?"

"எனக்கா?"

"எனக்குக் குத்தல. அதான் உனக்குக் குத்துச்சான்னு கேட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் பாதியை அந்த ஒரு பேச்சில் கரைத்துவிட்டீர்கள். மீதிப் பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அன்று சாயங்காலமே என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனீர்கள். முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். செருப்பைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டார்.

"தலைவரே, மழையில போட்டா செருப்பு இன்னா செய்யும்? இவன் ஆம்பூர்ல பொறந்தவன்தானே? கழட்டிக் கையில எடுக்கத் தெரியாதா?"

"அது சரி. உள்ள நான் இருக்கேனே?"

"மீந்த நோட்டீஸுங்க. குப்பையில போட மனசு வரல தலைவரே. உங்க மேல அவ்ளோ மரியாதை."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நான் சிரிக்கவில்லை.

"நல்ல தோலெல்லாம் கப்பல் ஏறிடுது. நம்ம ஜனங்களுக்குக் கம்மி விலையில வேற எப்படிக் கொடுக்கறது?" என்றவர், தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். "போர்டு போட்டுத்தானே விக்கிறேன்? ஏமாத்தறவன் போர்டு போடுவானா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த எலெக்‌ஷனுக்கும் ஜீப் வேணும் இல்ல?" என்றார்.

நீங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். தெருமுனையில் நின்றீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "விக்கிறவனுக்கு சங்கம் இருக்குது. வேலை செய்யறவனுக்கு சங்கம் இருக்குது. வாங்கறவனுக்கு இன்னாடா இருக்குது?"

"நீங்க இருக்கீங்க. டெல்லியில அவன் பேரச் சொல்லுங்க. பேப்பர்ல வரட்டும், நானே கூவி விக்கிறேன்" என்றேன்.

அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்துக்குப் புறப்படும்போது அந்தச் செருப்பைப் பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தீர்கள். அண்ணி, "வேட்டியோடவா வைக்கிறீங்க?" என்று கத்தியது நினைவிருக்கிறது.

அங்கே நடந்ததை நீங்கள் திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொருளைச் சபைக்குள் காட்டக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம். நீங்கள் வெறுங்கையோடு எழுந்து, மண்ணெண்ணெயில் தண்ணீர், தேயிலையில் பட்டைத்தூள், அளவில் குறைவு என்று வரிசையாகச் சொல்லிவிட்டுச் செருப்புக்கு வந்திருக்கிறீர்கள். உள்ளே இருந்த காகிதம் யாருடைய தேர்தல் நோட்டீஸ் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டீர்கள். சபை குலுங்கிச் சிரித்ததாம். மந்திரி எழுந்து, உறுப்பினர் தம் தொகுதி மக்களின் காலையாவது தாங்கியிருக்கிறாரே என்றாராம். மறுபடியும் சிரிப்பு. அது அடங்கும்வரை நின்றிருந்து, "சிரித்தாயிற்று. விற்ற பொருளை வாங்க மாட்டேன் என்ற பலகை நாடு முழுக்கத் தொங்குகிறது. அதை இறக்க அரசாங்கம் என்ன செய்யப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசீலிப்போம் என்று பதில் வந்திருக்கிறது.

பேப்பரில் நான்கு வரி வந்தது. அதில் உங்கள் பேர் இருந்தது. கடையின் பேர் இல்லை. அன்று நான் அந்தப் பேப்பரைக் கூவவில்லை. நீங்கள் ஊர் வந்த அன்றைக்கே உங்கள் வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன்.

"உங்க பேரச் சொல்லி நீங்களே அசிங்கப்பட்டீங்க. அவன் பேரச் சொல்ல வாய் வரல. ஜீப்புக்காகவா?"

அண்ணி உள்ளேயிருந்து, "டேய்!" என்றார். நீங்கள் அவரைக் கையமர்த்தினீர்கள்.

"அந்த சபையில இல்லாதவன் பேர அங்க சொன்னா, அவன் வந்து பதில் சொல்ல முடியாதுடா. அது நியாயமா? என் பேரச் சொன்னா நான் அங்க நிக்கிறேன், பதில் சொல்லுவேன். அதுவும் இல்லாம, அவன் ஒருத்தன் கடைய மூடிட்டா மத்த கடையில தொங்கற போர்டு?"

"நாம அவன் கடையில பதில் கேட்டப்ப போர்டத்தானே காட்டினான்? எனக்கு எங்க வந்து பதில் சொன்னான்?"

"பேசாம அடுத்த எலெக்‌ஷன்ல நீ நில்லுடா" என்றீர்கள்.

அடுத்த தேர்தலில் நீங்கள்தான் நின்றீர்கள். ஜீப் எதிர்த் தரப்புக்குப் போனது. சுவர் சுவராகச் செருப்பை வரைந்து உள்ளே உங்கள் மீசையை எழுதினார்கள். நாம் நடந்தே ஓட்டுக் கேட்டோம். தோற்றீர்கள். பேரைச் சொன்னாலும் ஜீப் போயிருக்கும், சொல்லாமலும் போயிற்று. அப்படியானால் சொல்லியிருக்கலாமே என்று அன்று இரவு முழுக்கப் புலம்பினேன். நீங்கள் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டீர்கள்.

தோற்ற பிறகு ஒரு நாள் கடைத்தெரு வழியாக நடந்தோம். அதே கடை வாசலில் ஒரு அம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டுச் செருப்பை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாளி தண்ணி கொண்டாப்பா."

"தாகமாம்மா?"

"எனக்கு இல்ல. செருப்புக்கு. முக்கிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். இதுக்குள்ள ஏதோ கட்சிக்காரன் மூஞ்சி இருக்குமாமே?"

முதலாளி உங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை. வாளி வரும்வரை நின்று பார்த்தீர்கள். செருப்பு முங்கியது, ஊதவில்லை. அவர் வாங்கிக்கொண்டு போனார். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நீங்கள் ஜெயித்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

"பாத்தியா? நான் பேரு சொல்லாமலே நடந்துச்சு" என்றீர்கள்.

"சொல்லியிருந்தா வாளியே வேண்டியிருக்காது" என்றேன்.

"நீ திருந்த மாட்டடா" என்று என் முதுகில் தட்டினீர்கள். அந்தத் தட்டலின் கனம் இன்னும் முதுகில் இருக்கிறது.

உங்களை மயானத்துக்கு எடுத்துப்போன அன்று அந்த முதலாளி மாலையோடு வந்தார். நான் வழியில் நின்றேன். அண்ணி அழுகைக்கு நடுவே, "வரட்டும் விடுடா, அவரா இருந்தா விட்டிருப்பாரு" என்றார். விட்டேன். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கவில்லை.

இப்போது வேலூரில் வாங்குகிறவனுக்கென்றே ஒரு குறைதீர் மன்றம் வைத்திருக்கிறார்கள், அண்ணே. நுகர்வோர் என்று நமக்கு ஒரு பேரும் வைத்திருக்கிறார்கள். சபை சிரித்தபோது நீங்கள் நின்ற நிற்புக்கு அதில் பங்கு உண்டு என்று நான் சொன்னால், என் மகனே நம்ப மாட்டேன் என்கிறான். அவன் நம்பி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. "ஒரு ஜோடி காலணிக்காக இந்த வயசுல கோர்ட்டாப்பா? பேஜார்" என்கிறான். காலணிக்காக இல்லை என்பது அவனுக்குப் புரியாது.

நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். மனுவை நானே எழுதினேன். வாங்கும்போது வளைத்துப் பார்க்காமல், தண்ணீரில் முக்காமல், பளபளப்பைப் பார்த்து ஏமாந்த முட்டாள் நான் என்று முதல் வரியில் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டு வக்கீல் அதை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை, சபையில் உங்களை நீங்களே சொல்லிக்கொண்டீர்களே, அது உங்களுடைய வரி. இரண்டாம் வரியில் அதை விற்ற கடையின் பேரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், அண்ணே. அது என்னுடையது.