பென்சிலால் போட்ட பக்க எண்

மார்ச் 3, திங்கள்
வெள்ளவத்தை. புழுக்கம். ஃபேன் பழுது. ஆய்வேட்டின் உசாத்துணைப் பட்டியல் மறுபடி. முதலில் ஹார்வர்ட் முறை, பிறகு ஏபிஏ, இப்போது சிக்காகோ. இலங்கைக்கு வந்த அதே கிழட்டு மாலுமி, அவர் எழுதிய அதே பயணநூல். நூல் வெளிவந்த ஆண்டு, ஒருமுறை பெயருக்குப் பக்கத்தில், ஒருமுறை வரியின் கடைசியில். பேராசிரியர் சொன்ன காரணம்: "அதுதான் இப்ப ஸ்டாண்டர்ட், பிள்ளை." மனுசன் நூலைத் திறந்தே பார்த்ததில்லை. மாலுமி கப்பலில் வந்தாரா பஸ்ஸில் வந்தாரா என்று கேட்டாலும் முழிப்பார்.
வாங்க: தோசை மா, தலையிடிக் குளிசை.

மார்ச் 4
மழை. கொட்டாஞ்சேனை வாசிகசாலை. அங்குள்ள பயணநூல் பிரதியின் மேல் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. அச்சுப் பக்க எண்கள் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் முன்னுரையையும் சேர்த்து எண்ணி, கீழே பென்சிலால் போட்டிருக்கிறார். நான் மொழிபெயர்த்த, துறைமுகத்து மீன்காரிகள் பற்றிய பத்தி, பென்சிலில் 212. நேற்று ஒருவழியாகக் கிடைத்த லண்டன் பதிப்பின் ஸ்கேனில் அச்சு எண் 188. சென்ற ஆண்டு பேராசிரியரிடம் கொடுத்த என் முதல் வரைவில் பென்சில் எண். திருத்தினேன். ஆய்வேடே இந்தப் பத்தியில்தான் நிற்கிறது.

மார்ச் 6
அக்கா போனை நீட்டினாள். "உன்ர சேர்ட கட்டுரை வந்திருக்கு. பெரிய ஆள்தான்."
பேராசிரியரின் பெயரில் என் பத்தி. என் மொழிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல். அடிக்குறிப்பு: லண்டன் பதிப்பு, பக்கம் 212. லண்டன் பதிப்பின் 212இல் யானை பிடிக்கிறார்கள்! ஒழுங்காகத் திருடக்கூடத் தெரியவில்லை. சிரித்தேன். பிறகு அழுதேன். அவர் முந்திவிட்டார், இனி என்னைத்தான் கள்ளி என்பார்கள்.

மார்ச் 7
அவர் அறை. ஏசி. பிஸ்கட் கூட நீட்டினார்.
"அந்தப் பகுதியை நான் பப்ளிஷ் பண்ணிட்டன். நீர் என்ர பேப்பரை சைட் பண்ணும். இல்லாட்டி கொப்பி எண்டு சொல்லுவினம். ஆய்வேட்டுக்கு என்ர கையெழுத்தும் வேணுமெல்லோ?"
"ஓம் சேர்."
பிஸ்கட் எடுக்கவில்லை.

மார்ச் 10
வெயில். கையெழுத்துக் கிடைத்தது. அடிக்குறிப்புகளில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி மட்டும் பார்த்தார். "இப்பதான் சரி." வாசிக்கவில்லை. வாசிக்கமாட்டார் என்று தெரியும்.
அவர் கேட்டபடி, சிக்காகோ முறையில், அவர் கட்டுரையைச் சுட்டியிருந்தேன். அதன் கீழே: "இவர் தரும் 212 லண்டன் பதிப்பின் பக்கம் அல்ல, அங்கே இப்பத்தி 188. 212 என்பது கொட்டாஞ்சேனைப் பிரதியில் பென்சிலால் இட்ட எண். சென்ற ஆண்டு இவரிடம் நான் கொடுத்த வரைவிலும் அதுவே உள்ளது."
பிறகு பைண்டிங் கடை. கடைக்கார அண்ணா கேட்டார்: "மிஸ், சுப்பவைசர்ட பேரும் அட்டையில வரணுமா?"
"போடுங்க அண்ணா. தங்க எழுத்தில. பெரிசா."