ஒரே பீப்பாவுக்கு இரண்டு வாய்

என் அன்புக்குரிய பரமேஸ்வரி அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் “நல்ல ரீச்சர், நல்ல ரீச்சர்” என்று உருகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நல்ல ரீச்சரை ஏன் கடைசிவரை தூரத்து வன்னியிலேயே விட்டுவைத்தார்கள் என்று ஒருவர் கேட்கவில்லையே!

நாளை காலை நம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அதற்குப் போகுமுன் உங்களோடு கதைக்காமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் வரும்வரை ஐந்தாம் வகுப்பில் கைவேலைப் பாடம் என்றால் ஓலைப்பெட்டி இழைப்பதும் கடதாசி மடிப்பதும்தான். நீங்கள் பிள்ளைகளிடம் வேறு விதமாய்க் கேட்டீர்கள்: “இந்தப் பள்ளிக்கூடத்திலை உங்களுக்குக் கரைச்சலாய் இருக்கிற ஒண்டைச் சொல்லுங்கோ. அதுக்கு நாங்களே ஒரு சாமான் செய்வம்.” உட்கார்ந்தால் ஆடுகிற வாங்கு, ஒழுகுகிற கூரை என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார்கள். பிறகு செல்வராணி எழும்பினாள்.

“ஆரும் ஊத்திவிட்டால்தான் ரீச்சர் எங்களுக்குத் தண்ணி. ஊத்த ஆளில்லாட்டி விடாயோடைதான் வீட்டை போறம்.”

தட்டிக்கு அப்பால் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த நான் வெண்கட்டியை வைத்துவிட்டுக் காதுகொடுத்தேன். அவளுடைய சாதிப் பிள்ளைகள் கிணற்றையும் வாளியையும் தொடக்கூடாது. அவர்கள் கையேந்தி நிற்க, வேறு பிள்ளைகள் மேலே இருந்து ஊற்றுவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒருவரும் வாய்திறப்பதில்லை. நீங்களோ, “சரி, ஊத்த ஆள் தேவையில்லாமல் எப்பிடித் தண்ணி குடிக்கலாம்?” என்று அதையே பாடமாக்கிவிட்டீர்கள்.

சிலேட்டில் கீறினார்கள். ஓட்டை போட்ட பானையில் பப்பாசி இலைக் குழாயைச் செருகிப் பார்த்தார்கள், அது வதங்கி ஒழுகியது. மூங்கில் வைத்தார்கள், துவாரம் பெரிதாகிப்போய் எல்லோரும் நனைந்தார்கள். ஏன் ஒழுகுகிறது என்று கேட்டுக் கேட்டு அவர்களைக் குடைந்தீர்களே தவிர, நீங்கள் கைவைக்கவில்லை. கடைசியில் சாவகச்சேரிச் சந்தையில் வாங்கிய தகரப் பீப்பாவில் தண்ணீர் வர மூங்கில் வாயும், அதை அடைக்கச் சீலை சுற்றிய மரமூடியும் சரியாகப் பொருந்தின. காலையில் ஒருதரம் நிரப்பிவிட்டால் போதும், பிறகு ஊற்ற ஆள் வேண்டாம். அன்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாயில் குடித்தார்கள்.

அடுத்த நாளே, ஊரை அதிகாரம் செய்த பழைய விதானையார் பொல்லுத்தடியோடு வந்துவிட்டார். பதவி போனாலும் அவர் சொல்லுக்கு ஊர் இன்னும் பயந்தது.

“ரீச்சர், கைவேலை எண்டால் பெட்டி இழைக்கிறது. உது என்ன வேலை?”

“பிள்ளையள் செய்தது ஐயா. என்ன பிழை?”

“அவையளுக்கு வேறை வாய் வையுங்கோ. வெள்ளிக்கிழமை வருவன். வைக்காட்டி பீப்பாவைக் கொத்திப்போடுவன்.”

நீங்கள் வகுப்பின் பக்கம் திரும்பி, “ஐயாவுக்கு இன்னொரு வாய் வேணுமாம். செய்வமோ?” என்றீர்கள். பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். எனக்குக் கோபம். பயந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அன்று பஸ்ஸில் உங்களோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடியே வந்து மாமரத்தடியில் நின்றார். பீப்பாவுக்கு இரண்டு வாய். எந்த வாய் யாருக்கு என்று பெரிய வாத்தியார் காலையிலேயே சொல்லியிருந்தார். மணி அடித்தது. முதல் வாயில் நீண்ட வரிசை, மற்றதில் செல்வராணியும் அவளுடைய சாதிப் பிள்ளைகள் நாலைந்து பேரும்தான். விதானையாரின் பேத்தி கொஞ்ச நேரம் பார்த்தாள், வரிசையை விட்டு வந்து செல்வராணிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

“பிள்ளை! இஞ்சாலை வா!”

“அங்கை சரியான சனம், அப்பப்பா” என்று பாட்டனாருக்குச் சொல்லிவிட்டு அவள் குனிந்து குடித்தாள். பிறகு வரிசையே குலைந்து, எல்லோரும் கிடைத்த வாயில் குடித்தார்கள்.

பொல்லு உயர்ந்ததைப் பார்த்தேன். ஆனால் அவர் எதை அடிப்பார்? பீப்பாவை உடைத்தால் ஏன் உடைத்தார் என்று ஊர் கேட்கும். தன் பேத்தி எந்த வாயில் குடித்தாள் என்பதை அவரே வாயால் சொல்ல வேண்டிவரும். பொல்லைத் தாழ்த்திப் படலையைத் திறந்துகொண்டு போனார்.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துத்தான் “செய்வமோ” என்று கேட்டீர்களா அக்கா? நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அடுத்த தவணையே உங்களுக்கு வன்னிக்கு இடமாற்றம் வந்துவிட்டது. யார் சொல்லி வந்தது என்று எவரால் நிரூபிக்க முடியும்?

இப்போது உங்கள் வகுப்பு என்னிடம். பீப்பா துருப்பிடித்துவிட்டது. சீமெந்துத் தொட்டி கட்டித் தர ஊரில் சிலர் முன்வந்திருக்கிறார்கள். இரண்டு குழாய், நடுவில் ஆள் உயரச் சுவர். சுவர் எதற்கு என்று கேட்டேன். “பார்க்க வடிவாய் இருக்க ரீச்சர்” என்கிறார்கள்.

நாளைக் கூட்டத்துக்கு ஐந்தாம் வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு போகிறேன். செல்வராணியின் கடைசித் தங்கையும் இந்த வகுப்பில்தான் படிக்கிறாள். அந்தச் சுவர் எதற்கென்று, கட்ட முன்வந்தவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சொல்ல ஒருவருக்கும் வாய் வராவிட்டால், அந்தச் சுவருக்கு ஒரு கல்லும் வைக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. எனக்கும் இடமாற்றம் வரும். வரட்டும், உடுப்புப் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கூடப்பிறவாத தங்கச்சி,
தவமணி